பருத்துப்போன அன்னம்

மேட்டித் துணி என்று ஒன்று கடையில் கிடைக்கிறது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை மாதிரி சின்னச் சின்ன ஓட்டையாகத் தெரியும். அந்த ஓட்டையில் ஊசியை விட்டுக் குறுக்கே ஒரு இழுப்பு, அதன்மேல் எதிர்க்குறுக்கே இன்னொரு இழுப்பு. பெருக்கல் குறி மாதிரி விழும். அதற்குப் பேர் கிராஸ் தையல். வித்தை என்று சொல்ல அதில் பெரிதாக எதுவும் இல்லை. எண்ணிக்கை தப்பக்கூடாது, அவ்வளவுதான். நான் தப்பினது அங்கேதான்.

நான் தையல்காரன் இல்லை. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் முப்பத்தெட்டு வருஷம் மூட்டை வாய் தைத்தவன். அதற்கு முன்னால் உத்திரமேரூரைச் சுற்றியிருக்கிற களங்களில் நெல் அளந்தேன். மூட்டை தைப்பதைச் சும்மா நினைக்க வேண்டாம். இரண்டு மூலையிலும் காது மாதிரி ஒரு கொத்துப் பிடித்து விடவேண்டும். தூக்குகிறவன் அந்தக் காதைப் பிடித்துத்தான் முதுகில் ஏற்றுவான். காது சரியாக இல்லையென்றால் என்னை மட்டும் திட்டமாட்டான், என்னைப் பெற்றவளையும் சேர்த்துத்தான் திட்டுவான். நான் தைத்த மூட்டைக்கு என் அம்மா ரொம்பத் திட்டு வாங்கவில்லை.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்ததும் முதலில் முட்டி போனது. அப்புறம் கண்ணில் புரை. அதை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தார்கள். கட்டை அவிழ்த்த அன்று சுவரில் பல்லியின் விரலைக்கூட எண்ணினேன். இவ்வளவு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஆடு இரண்டு உண்டு. அவற்றையே எவ்வளவு நேரம் பார்ப்பது?

என் மருமகள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்கிறாள். சாயங்காலம் வந்ததும் வாசல் தகர ஷீட்டுக்கு அடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இந்தத் தையலைப் போடுவாள். கிளி, தாமரை, குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தென்னைமரம், இப்படி. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். ஊசி மேலே வருகிறது, கீழே போகிறது. என் கை மடியில் கிடந்தபடியே கூட ஆடியது. மறுநாள் பழைய கோணி ஒன்றைக் கிழித்துச் சதுரமாக எடுத்துக்கொண்டேன். கோணியும் ஓட்டை ஓட்டையாகத்தானே இருக்கிறது? அவளிடம் மிச்ச நூல் கேட்டு வாங்கி ஒரு ஆடு போட்டேன்.

என் வீட்டுக்காரி வந்து பார்த்தாள்.

"இன்னாயா இது, கயித்துக் கட்டிலா?"

"ஆடு."

"நாலு காலு கீது. அதுவரிக்கும் சரிதான்."

மருமகள் சிரிக்கவில்லை. துணியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, எல்லா இழையும் ஒரே பக்கமா சாஞ்சிகினு கீது. எனக்கே ஆறு மாசம் ஆச்சி இது வர்றதுக்கு" என்றாள். மூட்டை தைத்த கைக்கு அது தானாக வரும். ஆனாலும் அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சோறு இரண்டு பிடி கூட இறங்கியது.

அதிலிருந்து தினமும் போட்டேன். கோணியிலிருந்து மேட்டிக்கு வந்தேன். கடையில் வாங்குகிற நூல் கண்டில் ஆறு இழை சேர்ந்திருக்கும். அதை இரண்டு இரண்டாகப் பிரித்துக் கோக்கவேண்டும். நூல் முனைக்கு முடிச்சுப் போடக்கூடாது, பின்பக்கத் தையலுக்கு அடியில் விட்டு மறைக்கவேண்டும், அது மருமகள் கண்டிஷன். சிக்கல் விழாமல் பிரிப்பது ஒரு சுகம். அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. கை ஓடிக்கொண்டிருக்கும்போது முட்டி வலிப்பது தெரியாது. வாசலில் பஸ் போனால் தலை நிமிராது. முன்பெல்லாம் எந்த பஸ்ஸில் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பதுதான் எனக்கு வேலை.

இப்படி இருக்கும்போது காஞ்சிபுரத்திலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். மருமகள் தன்னோடு வேலை செய்கிற ஒரு அம்மாவின் புதுமனை விசேஷத்துக்குத் தாமரைப் படம் ஒன்று போட்டுக் கொடுத்திருந்தாள். அதை அங்கே பார்த்துவிட்டு விலாசம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஆவணியில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் முகூர்த்தம் வருகிற வரைக்கும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஒரு திரையைப் பிடிப்பார்கள். நேரம் வந்ததும் திரையை இறக்குவார்கள். அப்போதுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனில் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள், அது வேறு விஷயம். அந்தத் திரையில் இரண்டு அன்னம் வேண்டும் என்றார். நேருக்கு நேர் நின்று ஒரே பூமாலையை இரண்டும் மூக்கால் பிடித்திருக்க வேண்டும்.

அதுவரைக்கும் அவள் போட்டதெல்லாம் யாருக்காவது அன்பளிப்பு. வாங்கினவர்கள் நல்லா இருக்கு என்று சொல்லிப் பீரோவில் வைத்துவிடுவார்கள். முதல் தடவையாக ஒரு வெளி ஆள், அதுவும் நூலிலேயே பிறந்து வளர்ந்தவர், வீடு தேடி வந்து கேட்டிருக்கிறார். அவர் போனபிறகு அவள் மஞ்சள் மேட்டித் துணியை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா, இது மட்டும் நல்லா அமஞ்சிடுச்சின்னா, நானும் ஒரு கைவேலக்காரின்னு நாலு பேரு சொல்லுவாங்க. இல்லன்னா கடசிவரிக்கும் சோறாக்கற பொம்பளதான்."

இடது பக்கத்து அன்னத்தை அவளே போட்டு முடித்தாள். வெள்ளை உடம்பு, சுற்றிலும் சிவப்புக் கரை. ஓலைப்பாயில் அரிசி மாவு கொட்டினது மாதிரி பளிச்சென்று இருந்தது. வலது பக்கத்தை ஆரம்பிக்கிற சமயத்தில் குக்கர் ஆவி அடித்து அவள் வலது உள்ளங்கை வெந்துபோனது. பதினைந்து நாள் ஊசி பிடிக்கக்கூடாது என்று மருந்து போட்டுக் கட்டிவிட்டார்கள்.

"நான் போடறேன்மா" என்றேன்.

அவள் கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்தாள். "கோணி இல்ல மாமா இது" என்றாள். அப்புறம் அவளே துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். முடிந்த அன்னம் அழுக்காகாமல் அது வரைக்கும் துணியைச் சுருட்டி, மேலே ஒரு பழைய வேட்டித் துண்டைச் சுற்றி ஊசி குத்தி வைத்தாள்.

படம் ஒரு தாளில் இருக்கும். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு வரியிலும் வலது ஓரத்திலிருந்து எத்தனை கட்டம் வெறுமையாக விடவேண்டும், எத்தனை சிவப்பு, எத்தனை வெள்ளை என்று குறி போட்டிருக்கும். அதைப் படிக்க என்னால் ஆகாது. நான் ரெண்டாம் வகுப்போடு நின்றவன். என் வீட்டுக்காரி அஞ்சாம் வகுப்புப் படித்தவள். அதைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள். அதனால் அவள் படிப்பது, நான் தைப்பது என்று ஏற்பாடு. மருமகள் கையில் கட்டோடேயே வேலைக்குப் போனதும் இரண்டு பேரும் உட்காருவோம். அவள் மடியில் தாளும் முறத்தில் மொச்சைக்காயும் இருக்கும்.

"வெறுங்கட்டம் பன்னெண்டு. அப்பால செவப்பு ரெண்டு. வெள்ள ஒம்போது."

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. களத்தில் நெல் அளக்கிறபோது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டோம். லாபம் என்போம். அடுத்தது ரெண்டு, அப்புறம் மூணு. எதை எண்ணினாலும் எனக்கு வாயில் லாபம்தான் முதலில் வரும், பஸ் டிக்கெட்டானாலும் சரி, மாத்திரையானாலும் சரி. தையலிலும் முதல் வெறுங்கட்டத்தைத் தாண்டினாலும் சரி, முதல் குத்தைக் குத்தினாலும் சரி, "லாபம்" என்பேன். அதற்குமேல் எண்ணிக்கொண்டே தைத்தால் ஓட்டை தப்பிவிடுகிறது. அதனால் மிச்ச எண்ணிக்கையை அவள் விரல் கணுவில் வைத்துக்கொண்டாள். கணக்கு முடிந்ததும் "போதும்" என்பாள். நான் நிறுத்துவேன்.

அந்தப் பதினைந்து நாளும் நன்றாகப் போனது என்றுதான் சொல்லவேண்டும். நாஷ்டா ஆனதும் உட்கார்ந்தால் பன்னிரண்டு மணி வரைக்கும் எழுந்திருக்கமாட்டோம். கல்யாணமாகி ஐம்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேலை செய்ததே இல்லை. அவள் நடவுக்குப் போவாள், நான் மில்லுக்குப் போவேன். இப்போது முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து, அவள் சொல்ல நான் கேட்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மாமன புடிச்சி நல்லா பள்ளிக்கூடத்துல குந்த வெச்சிட்ட" என்றாள். "இன்னும் அ ஆ வர்ல" என்றாள் இவள்.

சாயங்காலம் மருமகள் வந்து தையலைப் பார்ப்பாள். இழை சாய்வு சரியாக இருக்கிறதா, இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். "ஒயுங்கா கீது மாமா" என்பாள். கட்டத்தை யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்? கீழேயிருந்து வால், வயிறு, கழுத்து என்று ஏறித் தலைக்கு வந்தேன். மாலையை மட்டும் மிச்சம் வைத்தோம். அதை அவளே போடுவதாகச் சொல்லியிருந்தாள்.

கை ஆறினதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணியை முழுசாக விரித்தாள். தறிக்காரர் வருவதாகச் சொன்ன தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

என் அன்னம் பருத்துப்போயிருந்தது. கொஞ்சம் இல்லை. அவளுடையது குளத்தில் நீந்துகிற அன்னம் என்றால், என்னுடையது கறிக்கடை வாசலில் நிற்கிற வாத்து. கண்ணுக்கு ஒரே ஒரு கறுப்புத் தையல் வேண்டும். எனக்கு இரண்டு விழுந்திருந்தது. அதனால் தூக்கக் கலக்கத்தில் இருப்பது மாதிரிப் பார்த்தது. அதெல்லாம்கூடப் போகட்டும். துணியின் நடுக்கோட்டைத் தாண்டிக்கொண்டு அதன் மூக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. மாலையைப் பிடிக்க வழியில்லை. அடுத்த அன்னத்தின் மூஞ்சியில் கொத்தப் போகிற மாதிரி நின்றது.

மருமகள் தாளை எடுத்துக்கொண்டு ஒரு வரியை எண்ணினாள். அடுத்த வரியையும் எண்ணினாள்.

"எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு ஜாஸ்தி கீது. வெறுங்கட்டத்துலகூட. எப்டி அத்த எண்ணுனீங்க?"

"எப்டி எண்ணுவாங்க? அவுரு லாபம்பாரு. அப்பால நான் ஒண்ணுலருந்து எண்ணுவேன்."

"லாபம்தானேமே ஒண்ணு?" என்றேன்.

"அதெப்டி ஒண்ணாவும்? லாபம் சாமிக்கி. அத தனியா கொட்டிட்டு அப்பாலதான் ஒண்ணுன்னு ஆரம்பிப்பாங்க. எங்கூர்ல அப்டித்தான்."

அவள் பிறந்த ஊர் பழையசீவரத்துப் பக்கம். இங்கேயிருந்து பஸ் ஏறினால் ரொம்ப நேரம்கூட ஆகாது. அந்த ஊரில் எனக்குக் களம் அளக்கிற வேலை வந்ததே இல்லை. ஐம்பது வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் மாதிரி இருந்திருக்கிறோம், ஆனால் ஒன்று எங்கே ஆரம்பிக்கிறது என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆம்பள பட்சி. கொஞ்சம் பெருசாத்தான் இருக்கட்டுமே" என்றாள் என் வீட்டுக்காரி, மெதுவாக.

"அவுங்க தறிக்காரங்க அத்த. ஒரு நூலு தப்புனாலே கண்டுபிடிப்பாங்க." மருமகள் துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரத்தையும் எடுத்துக் கழுவினாள். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நான் சின்னக் கத்திரிக்கோலை எடுத்துத் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இழையாக வெட்டி இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரியும் ஒரு மொட்டை ஊசியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அப்புறம் மருமகள் வந்தாள். மூன்று பேரும் பிரித்தோம். மடியெல்லாம் வெள்ளை நூல், கோழி உரித்த இடம் மாதிரி. பதினைந்து நாள் போட்டது இரண்டு நாளில் போய்விட்டது.

துணி காலியானதும்தான் இன்னொரு சங்கடம் தெரிந்தது. பிரித்த இடம் முழுக்கப் பஞ்சு எழும்பி, வயசான பூனையின் முதுகு மாதிரி இருந்தது. மஞ்சள் துணியில் அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மருமகள் தண்ணீர் தொட்டுத் தடவினாள். போகவில்லை.

அதன்மேலேயே தைக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஏற்பாடு வேறு. "அத்த, நீங்க தாள பாத்துச் சொல்லுங்க. மாமா, நீங்க வாய்வுட்டு எண்ணுங்க. நான் தைக்கிறேன்" என்றாள்.

"ஒண்ணுன்னு ஆரம்பிக்கவா?"

"உங்களுக்கு எப்டி வருதோ அப்டியே எண்ணுங்க மாமா. லாபம்னா ஒண்ணுன்னு எனக்குத் தெரியும். அத்தைக்கித்தான் தெரியாது."

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள் இவள்.

வேலைக்குப் போகும் முன்னால் கொஞ்சம், வந்தபிறகு கொஞ்சம் என்று வயிறு வரைக்கும் ஏறியிருந்தாள். அப்போது தறிக்காரர் வந்துவிட்டார். சொன்ன தேதி இல்லை. உத்திரமேரூரில் பத்திரிகை வைக்க வந்தவர், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். துணியை ஒளிக்க நேரமில்லை. மருமகள் மடியில் விரிந்து கிடந்தது, கழுத்தில்லாத அன்னத்தோடு.

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். "பிரிச்சிக்கீறீங்க" என்றார்.

வெளியில் ஆடு கத்தியது. நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "ஆமாங்க. கையி வெந்துபோச்சி. மாமாகிட்ட குடுத்தேன். ரெண்டு பேரு எண்ணுனதுல கணக்கு ஒத்துப்போவல. அதான் பிரிச்சிட்டுப் போடறேன். வாணாம்னு தோணிச்சின்னா சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்." கடைசி வார்த்தை பொய். அது எல்லோருக்கும் தெரிந்தது.

அவர் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "யாரு ரெண்டு பேரு?" என்றார்.

என் வீட்டுக்காரி என்னைக் காட்டினாள். நான் அவளைக் காட்டினேன்.

லாபக் கணக்கை முழுசாகக் கேட்டுக்கொண்டார். "நானும் எங்கண்ணனும் ஒரே தறில குந்துவோம் பெரியவரே. நடுவுல அவுரு, ஓரத்துல கரைக்கு நூலு வுடற நாடாவ தள்ளறது நான். ஒரு தபா அவுரு எண்ணுனது ஒண்ணு, நான் எண்ணுனது ஒண்ணு. கரையில வர்ற மயிலுக்கு ரெண்டு தல வந்திடுச்சி. ஆறு மாசம் பேசல நாங்க. நீங்க பேசிக்கினுதானே கீறீங்க?"

"பேசுறாரு. வேற வயி?" என்றாள் இவள்.

அவர் ஒரு சொம்பில் கஞ்சித் தெளிவு கேட்டார். சுத்தமான துணியில் அதைத் தொட்டு, பஞ்சு எழும்பின இடத்தில் லேசாக ஒற்றினார். பிறகு கட்டைவிரல் நகத்தின் முதுகால் நூல் போகிற போக்கிலேயே நீவினார். முதலில் நெடுக, அப்புறம் குறுக்கே. அவசரமே இல்லை. காயக் காயப் பஞ்சு படுத்துவிட்டது. நகத்தை எப்படிச் சாய்க்கவேண்டும் என்று மருமகளுக்குக் காட்டினார். "தேய்க்கக்கூடாதும்மா. தூங்க வெக்கற மாதிரி நீவணும்." எழுந்திருக்கும்போது, "முகூர்த்தத்துக்கு மொத நாளு ஆள அனுப்பறேன். நீங்க மூணு பேரும் வந்துடணும்" என்று சொல்லிப் பத்திரிகையை அவள் கையில் கொடுத்தார். பெரியவன் நான் இருக்கிறேன், என் கையில் கொடுக்கவில்லை. அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு மூக்கும் ஒரு மாலையைப் பிடித்தது, ஆள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்.

கல்யாணத்துக்கு விடிகாலை பஸ்ஸில் போனோம். மண்டபத்தில் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தோம், மருமகள் புதுப்புடவையில். திரையை இரண்டு பேர் பிடித்தார்கள். பார்த்தால், எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரை பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் அல்லவா நிற்கிறது? மண்டபத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதன் ஓரம் மட்டும்தான், ஒரு மஞ்சள் கோடு மாதிரி. அன்னம் இருக்கிற பக்கம் மாப்பிள்ளைக்கு. அவர் அதைப் பார்க்கவேயில்லை, வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்குப் பின்பக்கம். மேளம் வேகமாக ஆனதும் திரையை இறக்கி, யாரோ ஒரு அம்மா அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அட்சதை போடப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். மருமகள் அந்தக் கக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டு போக மேடைக்கு ஏறினோம். தறிக்காரர் பெண்ணிடம், "இவுங்கதாம்மா திரைய போட்டவுங்க" என்றார். அந்தப் பெண் போட்டோ எடுக்கிறவரை நிற்கச் சொல்லிவிட்டு மருமகளின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்கு எதுக்கால தையலோட பின்பக்கம்தான் இருந்திச்சி. ஒரு முடிச்சிகூட இல்ல. எங்க நூலு ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தேடிக்கினே குந்திக்கினு இருந்தேன். அந்த நேரத்துல கையி நடுங்கணும், நடுங்கவே இல்ல எனக்கு."

மருமகள் "அப்டியா" என்று மட்டும் சொன்னாள்.

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. மருமகளும் என் வீட்டுக்காரியும் எனக்கு முன் சீட்டில். காஞ்சிபுரத்தைத் தாண்டி ராஜகுளம்கூட வரவில்லை, "ஒரு முடிச்சிகூட இல்லன்னு சொல்லிச்சி அத்த அந்தப் பொண்ணு" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள். வாலாஜாபாத் ஸ்டாண்டில் பஸ் நின்று கடலைக்காரன் ஏறி இறங்கினபிறகு மூன்றாவது தடவையும் சொன்னாள்.

"கேட்டுச்சிமே" என்றாள் என் வீட்டுக்காரி. "நானும் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். சரி, உடு. திரும்பவும் சொல்லு."